பிரேசிலில் கொரோனா விசாரணையைக் கொண்டுவந்தது தெருப் பேரணிகளா?

கொரோனாவை அரசு கையாண்ட விதம் பற்றி பிரேசில் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் 2021-இல் விசாரித்தது. பேரணிகள்தான் அந்த விசாரணையைக் கொண்டுவந்தன என்று பலர் நினைக்கிறார்கள். வரிசை அப்படியில்லை. 2021 ஜனவரியில் மனாவுஸ் நகரில் ஆக்ஸிஜன் தீர்ந்தது. குடும்பத்தினரே சிலிண்டருக்காக வரிசையில் நின்றார்கள், நோயாளிகள் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்தக் கோபம்தான் ஆரம்பம்.

பிரேசில் செனட்டில் 81 உறுப்பினர்களில் 27 பேர் கையெழுத்திட்டால் விசாரணைக் குழு அமைத்தே ஆக வேண்டும். கையெழுத்து இருந்தும் செனட் தலைவர் இழுத்தடித்தார். ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி பரோசோ உத்தரவிட்ட பிறகே குழு அமைந்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: சிறுபான்மை எதிர்க்கட்சிக்கும் விசாரணை கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருந்தது.

அரசுக்கு எதிரான பெரிய பேரணிகள் மே 29-இல்தான் தொடங்கின. ஜூன் 19-இல், இறப்பு 5 லட்சத்தைத் தாண்டிய அன்று, மறுபடி கூட்டம் திரண்டது. அப்போதைய அதிபர் போல்சனாரோவும் ஆதரவாளர்களைத் திரட்டி மோட்டார் சைக்கிள் பேரணி நடத்தினார். சாவ் பாவுலோவில் முகக்கவசம் அணியாததற்கு அவருக்கு அபராதமும் விழுந்தது.

விசாரணையில் வெளிவந்ததில் மனதை உலுக்குவது தடுப்பூசி விவகாரம். 2020 ஆகஸ்டிலேயே 7 கோடி டோஸ் வரை தர முன்வந்ததாக ஃபைசர் அதிகாரி சாட்சி சொன்னார். அரசு அப்போது அதை ஏற்கவில்லை. அக்டோபர் 26-இல் குழுவின் இறுதி அறிக்கை 7-4 வாக்குகளில் நிறைவேறியது. ஆனால் குழுவால் பரிந்துரைக்க மட்டுமே முடியும். வழக்குத் தொடுப்பது அரசு வழக்குத் துறையின் கையில்.