நல்லா நீந்துவான், அது போதாதா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த மகன், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் பிளாட்ஃபார்ம் வேலைக்குப் போவேன் என்று நிற்கிறான், விடலாமா என்பது ஒன்று. அடுத்த வரியிலேயே உங்களை நீங்களே தேற்றிக்கொள்வதுபோல, "சின்ன வயசிலிருந்தே நல்லா நீந்துவான், ஏதாவது ஒண்ணுன்னாலும் தப்பிச்சுடுவான் இல்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். இந்த இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது தெளிந்தால் முதல் கேள்விக்கு என் தயவு உங்களுக்குத் தேவைப்படாது.

நீச்சல் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் ஆஃப்ஷோர் வேலையில், அதாவது நடுக்கடல் வேலையில், ஆளைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நீச்சல் இல்லை. சில சமயம் நீச்சல்காரனின் பழக்கமே அவனுக்கு எதிராக வேலை செய்யும்.

பிளாட்ஃபார்முக்குப் பெரும்பாலும் ஹெலிகாப்டரில்தான் கூட்டிப்போவார்கள். அந்த ஹெலிகாப்டர் அவசரமாகக் கடலில் இறங்க நேர்ந்தால் என்ன ஆகும்? எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் தலைக்கு மேலே இருப்பதால் மேல்பகுதி கனம். அலையில் சாய்ந்தால் அப்படியே கவிழும். உள்ளே இருப்பவன் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குகிறான், மூக்கில் தண்ணீர் ஏறுகிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நீச்சல்காரனுக்கு அந்த நொடியில் முதலில் தோன்றுவது, பெல்ட்டைக் கழற்றி மேலே உதைத்துக்கொண்டு போவதுதான். ஆனால் 'மேலே' இப்போது இருப்பது ஹெலிகாப்டரின் தரை. பெல்ட் கழன்றதும் உடம்பு மிதக்க ஆரம்பிக்கும். பிடிமானம் இல்லாமல் ஜன்னலைத் தள்ளினால் ஜன்னல் நகராது, இவன்தான் பின்னால் போவான்.

அதனால் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது நேர் எதிரான முறை. ஒரு கை ஜன்னல் ஓரத்தைப் பிடித்திருக்க வேண்டும், எது நடந்தாலும் விடக்கூடாது. இன்னொரு கையால் பெல்ட் எங்கே கழறும் என்று தடவித் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சுழற்சி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஜன்னலை வெளியே தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பெல்ட்டைக் கழற்றி, பிடித்திருக்கும் கையை வழிகாட்டியாக வைத்து உடம்பை வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதவைத்தால் முடிந்தது கதை. அது ஆளைத் தூக்கித் தரையோடு ஒட்டவைத்துவிடும், ஜன்னலுக்குக் குனிந்து வர முடியாது. வெளியே வந்த பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும்.

இந்தப் பயிற்சிக்கு ஹியூவெட் என்று பெயர். ஹெலிகாப்டர் கூண்டுபோல ஒன்றைச் செய்து, ஆட்களை உள்ளே உட்காரவைத்து, குளத்தில் இறக்கி, தலைகீழாகப் புரட்டுவார்கள். பக்கத்திலேயே டைவர்கள் நிற்பார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த இருவர் ஒரே பேட்ச்சில் போனார்கள். ஒருவன் போட்டிகளில் நீந்திப் பழகியவன், இன்னொருவன் குளத்தில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை. முதல் புரட்டலில் நீச்சல்காரன் பெல்ட்டை அவிழ்த்துவிட்டுக் கூண்டுக்குள் தடுமாறினான், டைவர்தான் இழுத்துவந்தார். மற்றவன் கண்ணை மூடிக்கொண்டு, சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்து வெளியே வந்தான். நீந்தத் தெரியாதது நல்லது என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது முறை நீச்சல்காரனும் சரியாகவே செய்தான். காத்திருக்கப் பழகாமலே அவன் பிளாட்ஃபார்முக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

கடலில் விழுந்த பிறகும் இதே கதைதான். குளிர்ந்த கடலில் விழுந்தவுடன் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், நாம் நினைத்தாலும் நிறுத்த முடியாது. அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் வீரனும் தண்ணீரைத்தான் இழுப்பான். அதனால் பயிற்றுநர்கள் '1-10-1' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை விரல்கள் சொன்னபடி கேட்கும் நேரம் சுமார் 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். நீந்த நீந்தச் சூடான ரத்தம் கை கால்களுக்கு ஓடி இன்னும் சீக்கிரம் ஆறிவிடும். கரை கண்ணுக்கெட்டாத இடத்தில் எங்கே நீந்துவது? முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு அசையாமல் மிதக்க வேண்டும், நாலு பேர் இருந்தால் ஒருவரையொருவர் கோத்துக்கொண்டு ஒட்டி இருக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். சொன்னபடி செய்தால் தப்பிக்கலாம் என்றால், சொன்னபடி காத்திருந்து செத்தவர்களும் உண்டே என்பீர்கள். உண்மை. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1988 ஜூலை 6 இரவு, வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா என்ற பிளாட்ஃபார்ம் வெடித்து எரிந்தது. 167 பேர் இறந்தார்கள், அதில் 2 பேர் காப்பாற்றப் போன படகில் இருந்தவர்கள். உயிரோடு வந்தவர்கள் 61 பேர். பலர் தங்கும் பகுதியில் கூடி, ஹெலிகாப்டர் வரும், உத்தரவு வரும் என்று காத்திருந்தார்கள். புகையில் ஹெலிகாப்டர் இறங்கவே வழியில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீயில்லை, புகை. அங்கிருந்து கிளம்பி, வேறு வழி தேடிக் கயிற்றைப் பிடித்து இறங்கியவர்களும் உயரத்திலிருந்து குதித்தவர்களும்தான் தப்பியவர்களில் அதிகம். நீதிபதி கல்லன் பிரபு விசாரித்து 1990-இல் 106 பரிந்துரைகள் கொடுத்தார். இன்றைய பிளாட்ஃபார்மில் புகையும் தீயும் சிறிது நேரம் எட்டாதபடி காப்பிடம் ஒன்று வைப்பது, வெளியேற மாற்று வழிகள் வைப்பது எல்லாம் அந்த விசாரணை வலியுறுத்தியவை.

அதற்கு முன்னால், 1980 மார்ச் 27 அன்று, வட கடலின் நார்வே பகுதியில், அலெக்சாண்டர் கீலண்ட் என்ற ரிக்கின், அதாவது ஊழியர்கள் தங்கும் மிதக்கும் மேடையின், ஒரு கால் முறிந்து அது கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் போய்விட்டார்கள். அங்கே லைஃப் போட்டுகளுக்குக் குறைவில்லை. ஆனால் எடை தொங்கிக்கொண்டிருக்கும்போது கொக்கியைக் கழற்ற முடியாத அமைப்பு அது. படகு இருந்தும் சிலவற்றை விடுவிக்க முடியவில்லை. எடை தாங்கும்போதும் கழற்றக்கூடிய கொக்கிகள் இப்போது இருப்பதற்கு அந்த இரவுதான் காரணம்.

2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு பிளாட்ஃபார்மில், பக்கத்தில் வந்த உதவிக் கப்பல் மோதிக் குழாய் உடைந்து தீப்பிடித்தது. 22 பேர் இறந்தார்கள், 362 பேர் மீட்கப்பட்டார்கள். முதல் எண்ணை நீங்கள் மறக்கமாட்டீர்கள். இரண்டாவதையும் மறக்காதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

ஆக, மகன் கற்கவேண்டியது இரண்டும்தான்: உத்தரவுக்குக் காத்திருக்கும் பொறுமையும், அந்த வழி அடைபட்டால் அடுத்த வழி எது என்ற தெளிவும். வெளியேறுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஹெலிகாப்டர் அல்லது பக்கத்துப் பிளாட்ஃபார்முக்கான பாலம் முதலில். அது முடியாவிட்டால் மூடிய லைஃப் போட். அதுவும் இல்லையென்றால் லைஃப் ராஃப்ட் (காற்றால் ஊதி விரியும் மிதவை), கயிறு, வலை. குதிப்பது எல்லாம் போன பிறகு. நனையாமல் போக வழி இருக்கும்வரை தண்ணீரைத் தொடாதே என்பதுதான் இதன் சாரம். நீச்சல்காரனுக்குக் கசக்கும் பாடம்.

லைஃப் ராஃப்ட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எனக்கு அது பிடித்த பகுதி. ஊதிய ராஃப்ட் சில நேரம் தலைகீழாக விழும். இருபது பேர் உட்காரும் அந்தப் பெரிய ரப்பர் மெத்தையை ஒல்லியான ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம். வாயு உருளை இருக்கும் பக்கம் ஏறி நின்று, அடியில் உள்ள பட்டையைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும். காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். அது நம் மேலேயே விழும், பயப்படக்கூடாது, மல்லாந்தபடி வெளியே வந்துவிடலாம். உள்ளே ஏறியதும் முதல் வேலை தண்ணீர் குடிப்பதில்லை, வாந்தி வராமலிருக்க மாத்திரை போடுவது. வாந்தி எடுத்தே உடம்பில் இருக்கும் தண்ணீரை இழப்பவர்கள் உண்டு. கப்பல்களின் ராஃப்ட்டில் ஒருவருக்கு 1.5 லிட்டர் குடிநீர் என்பது சர்வதேசக் கணக்கு. காயம்பட்டவர் தவிர மற்றவர்கள் முதல் 24 மணி நேரம் அதைத் தொடக்கூடாது என்பார்கள். கடல்நீரை எப்போதுமே தொடக்கூடாது.

இனி வேலை விஷயம். உங்கள் தம்பிக்குத் தெரிந்த ஏஜென்ட் "போசியட் சர்டிஃபிகேட் வாங்கிட்டா வேலை ரெடி" என்றாராம். இல்லை அம்மா. போசியட் என்பது ஆஃப்ஷோர் வேலைக்குப் போகிறவர்களுக்கான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. ஒபிட்டோ என்ற அமைப்பு வகுத்த பாடம். பொதுவாக 3 நாள். ஹியூவெட், தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் பிழைத்தல் எல்லாம் அதற்குள் வரும். சான்றிதழ் 4 ஆண்டு செல்லும், பிறகு ஒரு நாள் புதுப்பிப்புப் பயிற்சி. அது உள்ளே நுழைய டிக்கெட், வேலை இல்லை. வேலை கிடைப்பது வெல்டிங், இன்ஸ்ட்ருமென்ட், ரிக்கிங் (பாரத்தைக் கட்டித் தூக்குவது), கிரேன், மெக்கானிக்கல் பராமரிப்பு போன்ற கைத்தொழிலுக்கு. வேலை உறுதியாவதற்கு முன்பே காசு கொடுத்து வாங்கினால், வேலை தேடும் காலத்திலேயே அந்த 4 ஆண்டு கரைய ஆரம்பித்துவிடும். பல நிறுவனங்கள் வேலைக்கு எடுத்தபின் தாங்களே அனுப்புகின்றன.

எந்தக் கடல் என்றும் கேளுங்கள். வெப்பக் கடல்களுக்கான டிராப்பிக்கல் போசியட்டில் குளிர் தாங்கும் உடைப் பயிற்சி இருக்காது. அதை வைத்து வட கடல் பக்கம் போக முடியாது. கப்பலில் வேலை என்றால் எஸ்.டி.சி.டபிள்யூ அடிப்படைப் பயிற்சி வேறு, காற்றாலை என்றால் ஜி.டபிள்யூ.ஓ வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குளத்தில் இறங்காமலே சான்றிதழ் தருகிறோம் என்பவரிடம் ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள். அந்தக் காகிதம் போலி என்பது இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை, கவிழ்ந்த ஹெலிகாப்டருக்கு அது போலி என்பது தெரியும்.

பயிற்சிக்கு முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். வலிப்பு, கட்டுப்படாத ஆஸ்துமா, சில இதய நோய்கள் இருந்தால் பணமும் ஆசையும் வீணாகும். எலெக்ட்ரிக்கல் பக்கம் போவதானால் நிறப் பார்வை முக்கியம். உடம்பு அளவைக்கூடப் பார்க்கும் இடங்கள் உண்டு: பிரிட்டனில் 2015 முதல், தோள் அகலம் 22 அங்குலமோ அதற்கு மேலோ இருப்பவர்களைத் தங்கள் உடம்பு நுழையும் அளவு ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் உட்காரவைக்க வேண்டும். ஜன்னலில் நுழையாத தோளுக்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்?

அவன் குணம் உங்களுக்குத்தான் தெரியும், எனக்கில்லை. இருட்டான, அடைத்த இடத்தில் அவனால் இருக்க முடியுமா? 'கொஞ்சம் பொறு' என்றால் பொறுப்பானா, இல்லை முதலில் செய்துவிட்டுப் பிறகு கேட்பானா? ஒரே அலாரம் டிரில்லை வாரா வாரம் செய்யச் சொன்னால் சலித்துக்கொண்டு படுக்கையிலேயே இருப்பானா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால், எத்தனை கடல் தாண்டி நீந்துகிறவனாக இருந்தாலும் இப்போதைக்கு அனுப்பாதீர்கள். மற்ற இரண்டும் பயிற்சியில் மாறும். இது அவ்வளவு எளிதில் மாறாது.

அனுப்புவதென்று முடிவானால் ஒப்பந்தத்தில் மூன்றைப் பார்த்துவிடுங்கள்: எத்தனை நாள் கடலில், எத்தனை நாள் வீட்டில்; அங்கே நோய் வந்தால் கரைக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது; காப்பீடு எவ்வளவு, யார் பெயரில். அவன் முதல் முறை அங்கிருந்து பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு இதையும் கேளுங்கள்: "உன் மஸ்டர் ஸ்டேஷன் எங்கேப்பா? அங்கே புகை வந்தா எந்தப் படி வழியா போவே?" மஸ்டர் ஸ்டேஷன் என்பது அலாரம் அடித்ததும் எல்லோரும் கூடவேண்டிய இடம். உடனே பதில் வந்தால் அவன் ரூமிலிருந்து அங்கே நடந்து பார்த்திருக்கிறான். யோசித்தால், போனை வைத்துவிட்டு இப்போதே நடந்து பார்த்துவிட்டு வா என்று சொல்லுங்கள்.

அவன் நிரப்பித் தரும் படிவத்தில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே உங்கள் எண் இருக்கட்டும். சிம்மை மாற்றினால் அன்றைக்கே அவனிடம் சொல்லி அதையும் மாற்றச் செய்யுங்கள்.