விண்டோஸ் சர்ச் டிஸ்க்கைக் குடைகிறது, சர்வீஸையே நிறுத்திவிடலாமா?

பழைய லேப்டாப், சுழலும் ஹார்டு டிஸ்க், டாஸ்க் மேனேஜரில் எப்போது பார்த்தாலும் சர்ச் இண்டெக்ஸர், அதாவது கோப்புகளைப் படித்துத் தேடலுக்கான பட்டியலை (இண்டெக்ஸ்) பின்னணியில் தயாரிக்கும் சர்வீஸ். உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனாலும் சர்வீஸை நிறுத்தாதீர்கள். கிளாசிக் அவுட்லுக் மெயில்களைத் தேடுவதும் இதே இண்டெக்ஸை நம்பித்தான். உங்களுக்குத் தேவைப்படாத வேலைகளை மட்டும் பிடுங்கிவிட்டால் போதும்.

அதிகம் உழைப்பு வாங்குவது கோப்பின் பெயரைக் குறித்துவைப்பது அல்ல, கோப்பைத் திறந்து உள்ளே இருப்பதைப் படிப்பது. கன்ட்ரோல் பேனலில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, அப்புறம் ஃபைல் டைப்ஸ். நீங்கள் உள்ளடக்கத்தை வைத்துத் தேடவே தேடாத கோப்பு வகைகளுக்கு ‘இண்டெக்ஸ் ப்ராப்பர்ட்டீஸ் ஒன்லி’ (பெயர், தேதி போன்ற விவரங்கள் மட்டும்) என்று மாற்றுங்கள். மென்பொருள்கள் தங்கள் செயல்களைப் பதிந்துவைக்கும் லாக் கோப்புகளுக்கு நான் முதலில் செய்வது இதுதான்.

ஒரு ஃபோல்டருக்கு மட்டும் வேண்டுமானால் அதன் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு அழுத்தினால், உள்ளடக்கத்தை இண்டெக்ஸ் செய்ய அனுமதிக்கும் டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டாலும் பெயரை வைத்துத் தேடலாம். நம்மில் பலரிடம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்புகள் குவிந்திருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு தமிழில் ‘தீர்மானம்’ என்று தேடினால் ஒன்றும் சிக்காது. அதை இண்டெக்ஸர் ஏன் படித்து மாய வேண்டும்? எழுத்தறிதல் (ஓசிஆர், படத்தில் உள்ள எழுத்தை உரையாக்குவது) செய்யாத ஸ்கேன் பிடிஎஃப்களும் அப்படியே.

அடுத்து, செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் தேடல் ‘என்ஹான்ஸ்டு’ என்றிருந்தால் ‘கிளாசிக்’ ஆக்குங்கள். முழுக் கணினியையும் மேயாமல், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்றவற்றோடு நின்றுவிடும். அங்கேயே சர்ச் ஹைலைட்ஸையும் அணைத்துவிடலாம். தேடல் பெட்டியில் தினம் ஒரு படம் காட்டும் சமாச்சாரம், யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

ஸ்டார்ட் மெனுவில் வரும் இணைய முடிவுகளை நிறுத்த, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டும். அதனால் டிஸ்க் சுமை குறையாது, எரிச்சல்தான் குறையும்.

கோப்பின் பெயர் மட்டும் போதும் என்றால் ‘எவ்ரிதிங்’ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் டிஸ்க் அமைப்பு) டிஸ்க்கின் கோப்புப் பட்டியலையே நேராக வாசிப்பதால் தட்டத் தட்ட முடிவு வரும்.

ஒன்று, ஃபைல் டைப்ஸை மாற்றியதும் இண்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும் என்று கேட்கும். அது முடியும்வரை டிஸ்க் முன்பைவிட அதிகமாகவே ஓடும். இரவில் சார்ஜரில் போட்டு, ஸ்லீப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு, விட்டுவிடுங்கள்.