மாட்சா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடியான மாட்சாவில் 'வெனிலா மாட்சா' என்று 200 கிராம் பாக்கெட் ஒன்றை ஆன்லைனில் 480 ரூபாய்க்கு வாங்கினேன். குடித்தால் பால்கோவா கரைத்த மாதிரி இனிக்கிறது. பின்பக்கம் பார்த்தால் சர்க்கரை, பால் பவுடர், மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி, அப்புறம்தான் 'மாட்சா 8%'. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, திருச்சி

பதில்: ஏமாற்றியிருக்கிறார்கள். தப்பு உங்கள் மேல் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 200 கிராமில் 8 சதவீதம் என்றால் 16 கிராம் மாட்சா. மீதி 184 கிராம் பெரும்பாலும் நம் மளிகைக் கடையில் கிடைக்கிற சர்க்கரையும் பால் பவுடரும்தான். அதையெல்லாம் ஓசி என்று வைத்துக்கொண்டாலும், மாட்சாவுக்கு மட்டும் கிராமுக்கு 30 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு கோப்பைக்கு 2 கிராம் வேண்டும். ஆக, பாக்கெட் முழுவதிலும் எட்டு கோப்பைக்கான மாட்சாதான் இருக்கிறது.

இதை நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன், இன்னும் கோபம் தீரவில்லை. கடையில் என்றால் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். ஆன்லைனில் முன்பக்கத்தை ஆறு கோணத்தில் படம் பிடித்துப் போடுகிறார்கள். பின்பக்கம் ஒரு படம்கூட இருக்காது. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் சர்க்கரை என்றால் நீங்கள் வாங்குவது சர்க்கரை. தேதி, பேட்ச் எண் போன்ற சிலவற்றைத் தவிர, லேபிளில் இருக்க வேண்டிய கட்டாய விவரங்களை ஆன்லைனில் விற்பவர் நாம் வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்று 2020-ம் ஆண்டு உணவு லேபிள் விதிமுறைகள் சொல்கின்றன. காட்டவில்லையா? அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். கட்டணம் இல்லை. விற்றவர் தவறைத் திருத்திக்கொண்டால், அடுத்து வாங்குகிறவராவது தப்பிப்பார்.

வெனிலா வாசனைக்காக 480 ரூபாய் தேவையே இல்லை. சாதா மாட்சா 30 கிராம் வாங்கி, வீட்டில் இருக்கும் வெனிலா எசன்ஸில் இரண்டு சொட்டு விடுங்கள். ஏலக்காய்த் தூள் ஒரு சிட்டிகை போட்டால் அதைவிட நன்றாக இருக்கும் என்பது என் நாக்கு சொல்வது.

கேள்வி: மாம்பழ மாட்சா செய்ய 'செரிமோனியல் கிரேட்' (தேநீர்ச் சடங்குக்கான உயர்ரகம் என்று விற்பது) வாங்கச் சொல்கிறார்கள். 30 கிராம் 1,800 ரூபாய். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: வேண்டாம். அந்தப் பெயருக்கு ஜப்பானிலேயே அரசு வகுத்த தரம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் டப்பாவில் அச்சடிக்கலாம்.

நல்ல மாட்சா விலை கூடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பறிப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே தேயிலைச் செடிகளுக்கு நிழல் போடுகிறார்கள். பறித்த இலையை ஆவியில் வேகவைத்து உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் எந்திரத்தில் அரைக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 30, 40 கிராம்தான் விழும். அதோடு இந்த இரண்டு மூன்று ஆண்டுகளாக உலகம் முழுக்கத் தேவை ஏறிவிட்டது. அந்த மென்மையான ருசி வெறும் தண்ணீரில் கலந்தால் தெரியும். பாலும் பழமும் சேர்ந்த பிறகு தெரியாது. கலந்து குடிக்க நடுத்தர விலையில் உள்ளதே போதும். உஜி, நிஷியோ, யாமே, ககோஷிமா என்று ஜப்பானில் விளைந்த ஊரும், இறக்குமதி செய்தவர் முகவரியும் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். பொடி பளிச்சென்று பச்சையாக இருக்க வேண்டும். காய்ந்த புல் நிறம் என்றால் பழசு.

செய்முறை எளிது. இரண்டு பங்கு கொதிநீரில் ஒரு பங்கு சாதாரணத் தண்ணீர் கலந்தால் சூடு 75, 80 டிகிரிக்கு வந்துவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும். 2 கிராம் பொடியைச் சலித்துப் போட்டு, கால் டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கலக்குங்கள். நன்றாகப் பழுத்த பங்கனப்பள்ளி விழுது அடியில், அதன் மேல் ஐஸ், குளிர்ந்த பால், கடைசியில் மாட்சா. புளிப்பு மாம்பழம் போட்டால் பால் திரிந்துவிடும்.

கேள்வி: மாட்சாவோடு பாலும் எலுமிச்சையும் சேர்த்தேன், திரிந்து பழுப்பாகிவிட்டது. பொடி கலப்படமா? பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: கலப்படம் இல்லை, பணமும் கிடைக்காது. எலுமிச்சை பாலைத் திரிக்கும், பச்சை நிறத்தையும் மங்க வைக்கும்.

கேள்வி: மாட்சா கலக்கும் மூங்கில் மத்து, கிண்ணம், கரண்டி சேர்ந்த செட் அவசியமா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: நான் 2,400 ரூபாய் கொடுத்து அப்படி ஒரு செட் வாங்கினேன். ஈரம் காயாமல் அதன் பிளாஸ்டிக் குழாயிலேயே அந்த மத்தை மூடி வைத்ததில், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்து ஒரே மாதத்தில் போய்விட்டது. இப்போது மூடி போட்ட ஸ்டீல் பாட்டிலில்தான் குலுக்குகிறேன். வெந்நீரை மட்டும் பாட்டிலில் ஊற்றிக் குலுக்காதீர்கள், மூடி தெறிக்கும். பொடியை வெளியே கரைத்துவிட்டு, குளிர்ந்த பாலோடு சேர்த்துக் குலுக்குங்கள். கட்டியே இருக்காது.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் அரை கிலோ மாட்சா 700 ரூபாய்க்கு வாங்கினேன். லேபிள் இல்லாத கவர், பில்லும் இல்லை. இப்போது அந்தக் கணக்கையே காணோம்.
– ஐ.டி. ஊழியர், சென்னை

பதில்: கிராம் ஒன்றரை ரூபாய்க்குக்கூட வராத பொடி மாட்சாவாக இருக்குமா என்று காசு அனுப்பும் முன் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். அதைக் குடிக்காதீர்கள். பணம் அனுப்பிய ரசீதோடு 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். இனி லேபிளும் பில்லும் இல்லாமல் வாங்கிவிட்டு எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு ஸ்ட்ராபெரி மாட்சா டப்பா வாங்கினேன். காலாவதி தேதி மேல் ஒரு ஸ்டிக்கர். உரித்தால், தேதி போன மாதமே முடிந்திருக்கிறது. 'திறந்த பொருள் திரும்பப் பெற மாட்டோம்' என்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாங்கியது ஐயா.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, படிக்கவே வருத்தமாக இருந்தது. நீங்கள் விடக் கூடாது. காலாவதியான உணவை விற்பதும் தேதியை மறைப்பதும் குற்றம். 'திறந்தால் திரும்பப் பெற மாட்டோம்' என்ற அவர்கள் விதி இதற்குச் செல்லாது. டப்பா, ஸ்டிக்கர், பில் மூன்றையும் பத்திரமாக வைத்துப் படம் எடுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதே நாளில் 1915-க்கும் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். பணம் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மனு எழுதுவதில் தடுமாற்றம் இருந்தால் பில்லின் நகலை எனக்கு அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.

கேள்வி: எட்டு வயதுப் பையனுக்குத் தினமும் சாக்லேட் மாட்சா கொடுக்கலாமா?
– தந்தை, ஈரோடு

பதில்: வேண்டாம். அதில் கஃபீன் இருக்கிறது.