உம்மாவுக்கு விடியற்காலையில் மட்டும் ஏன் இழுப்பு?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறோம். உம்மாவுக்கு 62 வயது, ரொம்ப நாளாக ஆஸ்துமா. ஊருக்கு வெளியே சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். பகலில் நன்றாக இருப்பவர், விடிகாலை பஜ்ர் தொழுகைக்கு எழும்போது இழுப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறார். 'விறகுப் புகை ஒன்றும் செய்யாது' என்கிறார் மாமா. மூக்கில் ஈரத்துணி கட்டினால் போதுமா டாக்டர்?

பதில்: மாமா சொல்வதை என்னிடம் வருகிறவர்களும் அடிக்கடி சொல்கிறார்கள். விறகா டீசலா என்று நுரையீரல் பேதம் பார்ப்பதில்லை. மண்ணால் மூடி, காற்றை அடைத்து, நாள்கணக்கில் புகைய விடுவதுதான் மூட்டம். கொழுந்துவிட்டு எரிவதைவிட இப்படிக் கனலும்போதுதான் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் அதிகம் வரும். அந்தத் துகள் 2.5 மைக்ரானுக்கும் குறைவு; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஈரத்துணி அதைத் தடுக்காது.

பகலில் கடற்காற்று புகையை ஊரைவிட்டு உள்நாட்டுப் பக்கம் தள்ளிவிடுகிறது. ராத்திரி நிலம் குளிர்ந்ததும் காற்று திரும்பிக் கடலைப் பார்த்து வீசும். வழியில் உங்கள் ஊர். தரையோரக் குளிர்காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்வதால் புகை மேலேறாது. ஆஸ்திரேலியாவில் கோடைக் காட்டுத்தீயைத் தடுக்க முன்கூட்டியே சருகை அளவாக எரிக்கிறார்கள். அந்தப் புகை சிட்னி நகரத்தில் தேங்குவதும் இதே மூடியால்தான்.

ஆனால் பழி முழுக்க மூட்டத்துக்கு அல்ல. ஆஸ்துமா இயல்பாகவே பின்னிரவில் கூடும். உம்மா தடுப்பு இன்ஹேலரைத் தினமும் எடுக்கிறாரா? 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று அதை நிறுத்திவிட்டு, இழுப்பு வந்தால் மட்டும் நீல இன்ஹேலரைத் தேடுகிறவர்களே அதிகம். உங்கள் டாக்டர் முன்னால் ஒருமுறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். இன்ஹேலர் வாயில் மாட்டும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்தால் நுரையீரலுக்குள் போகும்.

பொழுது சாயும் மஃரிப் தொழுகை நேரத்தோடு ஜன்னலைச் சாத்தி, வெயில் ஏறியபின் திறங்கள். சாத்திய அறைக்குள் கொசுவத்தி, சாம்பிராணி கூடாது. வெளியே போயே ஆகவேண்டுமென்றால் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம். நடைப்பயிற்சி மாலையில் போதும்.

நீல இன்ஹேலர் எடுத்தும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூட்டக்காரர்களிடம் சண்டைக்குப் போகவேண்டாம், அது அவர்கள் பிழைப்பு. குடியிருப்பைவிட்டுத் தள்ளிப் போடச் சொல்லிப் பேசிப் பாருங்கள். அங்கேயே நின்று புகையைக் குடிப்பவர்கள் அவர்கள்தான். யாருக்காவது இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால், அவரையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.