கணினியில் உருவாக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒலி ஏன் கொசு ரீங்காரம் போல் கேட்கிறது?

நீங்கள் கிட்டாரின் சமிக்ஞையை அலையின் உச்சிகளை மெல்ல நசுக்கும் ‘டான்எச்’ (tanh) என்ற கணிதச் சார்பின் வழியே செலுத்தி, அந்த வளைவையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். வளைவு சரியானால் ஒலியும் சரியாகிவிடும் என்ற அதே நம்பிக்கையில் நானும் எட்டு மாதங்களைச் செலவிட்டேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரை முழு ஒலியில் வைக்க வழியில்லை. ஆகவே, ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்ப்ளிஃபயரின் சுற்றை அடியொற்றி மார்ஷல் 1962இல் உருவாக்கிய ஜேடிஎம்45 ஆம்ப்ளிஃபயரின் மின்சுற்று வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிலையாக நிரல் எழுதினேன். அதிலுள்ள வால்வு நிலை அலையின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே அளவில் நசுக்குவதில்லை. அதனால் இரட்டைப்படை மேற்சுரங்களும் (அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு, நான்கு போன்ற மடங்குகளும்) பிறக்கின்றன. சமச்சீரான ‘டான்எச்’ ஒற்றைப்படை மேற்சுரங்களை மட்டுமே தரும். இதைத் திருத்திய பிறகும் ரீங்காரம் போகவில்லை.

காரணம் ஸ்பீக்கர். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சட்டென்று குறைத்துவிடுகிறது; அலையை இப்படி நசுக்கும் டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூர்மையான மேற்சுரங்கள் அங்கேயே அடங்கிவிடுகின்றன. நானோ ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை நேராக ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்பீக்கர் கேபினெட்டின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை, அதாவது அது ஒலியை எப்படி மாற்றுகிறது என்பதன் பதிவை, இறுதியில் சேர்த்த இரவில், முதன்முறையாக அது கிட்டாராக ஒலித்தது, விடியும்வரை வாசித்தேன்.

அப்போதும் மேல் சுரங்களில் ஒரு கரகரப்பு எஞ்சியது. அது அலியாசிங். அலையை நொடிக்கு 48,000 முறை அளக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், அதன் பாதியான 24க்கு மேற்பட்ட எதற்கும் இடமில்லை என்பதால், 5 கிலோஹெர்ட்ஸ் கூறின் ஏழாம் மேற்சுரம் 35இல் நிற்க முடியாமல் மடங்கி 13இல் வந்து விழுகிறது. கம்பியை இழுத்துச் சுரத்தை ஏற்றும்போது மடங்கிய சுரம் கீழே இறங்குவதைக் கேட்டால் பிறகு மறக்கவே முடியாது. டிஸ்டார்ஷன் பகுதியை மட்டும் எட்டு மடங்கு வீதத்தில் கணக்கிட்டபோது அது பெரும்பாலும் மறைந்தது.

இன்று நரம்பியல் வலைப்பின்னலுக்கு ஆம்ப்ளிஃபயரின் சில நிமிடப் பதிவைக் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். அதன் துல்லியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், குமிழ்கள் ஒரே நிலையில் இருக்கும்போது எடுத்த பதிவிலிருந்து அந்த ஒரு நிலையை மட்டுமே அது கற்கும்; குமிழைத் திருப்பினால் உள்ளே என்ன மாறுகிறது என்பதை அறிய விரும்புபவருக்குச் சுற்றைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

என் நிரலைக் கேட்டுப் பார்க்கும்படி ஓர் இசைக்கருவிக் கடையில் வேண்டியபோது, ஒரு சுரம்கூடக் கேட்காமல், கணினியில் உயிர் வராது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அவர்கள் ‘உயிர்’ என்றதில் ஒரு பகுதியையாவது அளக்க முடியும்: பலமாக மீட்டும்போது மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபயர் வால்வு தரும் மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்து, மெல்ல மீள்கிறது, அதனால் சுரத்தின் தொடக்கம் அமுங்கிப் பின் மலர்கிறது. இப்போது அந்தப் பகுதியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.