மணலில் ஜாக்கி வைக்காதீங்க: ஃபில்டர் மாற்றுவது பற்றிச் சில கேள்விகள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எரிபொருள் ஃபில்டரைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பத்து வருஷப் பெட்ரோல் கார். ஃபில்டரை நானே மாற்றிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். ஆபத்து ஏதும் உண்டா? (மண்டபம்)

உண்டு. அதனால் முதலில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இப்போது வருகிற பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் அது டேங்குக்குள்ளேயே பம்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அதற்கு டேங்கையே திறக்க வேண்டும், ஆவி முழுக்க காருக்குள் நிற்கும், அந்த வேலை வீட்டில் வேண்டாம். காருக்கு அடியில், டேங்குக்குப் பக்கத்தில், லைனில் சின்ன டப்பா மாதிரி மாட்டியிருந்தால் செய்யலாம்.

டயரில் 30, 33 பாயிண்ட் காற்று பிடிக்கிறோம் இல்லையா, பெட்ரோல் லைனில் அதைவிட அதிகம், 45 முதல் 60 வரை இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டாலும் அந்த அழுத்தம் உடனே போகாது. டியூபை அப்படியே பிடுங்கினால் நேராக முகத்தில் அடிக்கும், கீழே சைலன்சர் சூடாக இருந்தால் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஃப்யூஸ் பாக்ஸில் பம்புக்கான ஃப்யூஸைக் கழற்றிவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்கள், கொஞ்ச நேரம் ஓடித் தானாக நிற்கும், இன்னும் இரண்டு தடவை செல்ஃப் அடித்துவிட்டு சாவியை எடுத்துவிடுங்கள். டேங்க் மூடியை ஒரு முறை திறந்து மூடுங்கள். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். இதெல்லாம் செய்த பிறகும் ஒரு டம்ளர் பெட்ரோலாவது கொட்டும். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், மேலே போகாமல் தரையோடு தவழும். போர்டிகோவில் வேலை பார்த்தால் பக்கத்து அடுப்படி வரைக்கும் போகும், சாமி விளக்கோ இன்வெர்ட்டரோ போதும் அது பற்றிக்கொள்ள. வாசலுக்கு வெளியே, திறந்த இடத்தில் செய்யுங்கள். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் மட்டும். வயர் இழுத்துக் குண்டு பல்பு தொங்கவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சூடான பல்பில் ஒரு சொட்டு விழுந்தாலே கண்ணாடி வெடிக்கும்.

எங்கள் வாசல் முழுக்க மணல். ஜாக்கி போட்டால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. (தனுஷ்கோடி பக்கம்)

மணலில் வண்டியைத் தூக்கி அடியில் படுக்காதீர்கள், அவ்வளவுதான். பலகை வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், டயர் மாற்ற அது போதும், அடியில் ஆள் போவதற்குப் போதாது. சிமெண்ட் தரை உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் ஜாக்கியோடு இரண்டு ஸ்டாண்டும் வையுங்கள், மற்ற சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்கள் என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் மணல் பறக்கும், திறந்து கிடக்கும் டியூபுக்குள் அது போனால் புது ஃபில்டர் மாட்டியதற்கே அர்த்தம் இல்லை.

கிளிப்பும் நட்டும் துருப்பிடித்து அசையவே இல்லை. சுத்தியலால் தட்டலாமா? (பாம்பன்)

தட்டாதீர்கள். நம் ஊரில் இந்த வேலை கெட்டுப்போகிற இடமே இதுதான். ஃபில்டர் நன்றாகத்தான் இருக்கும். உப்புக்காற்றில் அதன் பக்கத்தில் இருக்கும் இரும்பு லைன் உள்ளுக்குள் அரித்துப் பெயிண்ட் மட்டும் பளபளவென்று நிற்கும், ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு திருகினால் நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு வரும். அப்படி ஆனால் ஃபில்டர் வேலை, முழு லைன் மாற்றும் வேலையாகிவிடும்.

முதல் நாள் இரவே துரு எடுக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் கம்பி பிரஷ் வேண்டாம், பொறி வரும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் குழாயை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக உரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நன்றாக இருந்தால் இரண்டு ஸ்பேனர், ஒன்று ஃபில்டர் பக்கத்து நட்டை அசையாமல் பிடிக்க, மற்றது திருக. பிளாஸ்டிக் லாக் உள்ள டியூப் என்றால் இழுக்காதீர்கள், முதலில் உள்ளே தள்ளுங்கள், அப்போதுதான் காது விடும், அதற்கப்புறம் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். பழைய கிளிப்பையும் வாஷரையும் திரும்பப் போடாதீர்கள், பத்து இருபது ரூபாய்ச் சாமான் அது.

டீசல் கார். ஃபில்டர் மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை, டீசலில் தண்ணீர் கலந்ததைக் காட்டும் விளக்கு எரிகிறது. (தொண்டி)

டீசல் எங்கே ஊற்றினீர்கள் என்பதை எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன், விசைப்படகு டிரம்மில் மீதி இருந்ததா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் டிரம் பாதி காலியாகக் கரையில் கிடக்கும், பகல் வெயில், இரவு ஈரம், உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். நானும் ஒரு காலத்தில் வீணாகப் போகிறதே என்று ஒரு கேனைக் காரில் ஊற்றி, உச்சிப்புளி தாண்டி வண்டியைத் தள்ளியவன்தான்.

ஃபில்டருக்கு அடியில் சின்னத் திருகு இருக்கும். கண்ணாடி பாட்டிலைப் பிடித்துத் திறந்து விடுங்கள், கொஞ்ச நேரம் அப்படியே வைத்தால் கீழே தண்ணீர், மேலே டீசல், நடுவில் கோடு போட்டது மாதிரித் தெரியும். டீசல் மட்டும் வரும்வரை விட்டு மூடுங்கள். டேங்கில் தண்ணீர் தங்கியிருந்தால் நாலு நாளில் மறுபடி விளக்கு எரியும், அப்போது டேங்கைத்தான் கழுவ வேண்டும்.

புது ஃபில்டர் மாட்டினால் கைப்பம்பை அது கெட்டியாகும் வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். அது இல்லாத வண்டியில் சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து விடுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்று இன்ஜின் பக்கத்து இரும்புக் குழாய்களை மட்டும் தளர்த்திவிடாதீர்கள். இப்போதைய டீசல் கார்களில் வரும் காமன் ரெயில் இன்ஜினில் அங்கே 1,600 பார் வரையும் அதற்கு மேலும், அதாவது டயர் காற்றைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தம் ஓடும், ஊசி முனை அளவு ஒழுகலே தோலைத் துளைக்கும். அப்படிப் பட்டுவிட்டால் சின்னப் புள்ளிதானே என்று விடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கார் மட்டும் ஊரில், நான் துபாயில். பத்து மாதம் நிற்கும் வண்டிக்கு ஃபில்டர் மாற்ற வேண்டுமா? (கீழக்கரை)

ஃபில்டரைவிடப் பெட்ரோலைத்தான் பார்க்க வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். கிளம்பும்போது டேங்கை நிரப்பிவிட்டுப் போங்கள், காலி இடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும். மாதம் இரண்டு முறை யாரையாவது ராமநாதபுரம் வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ரப்பர் டியூபை விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுவென்றோ வெடித்தோ இருந்தால் அதை மாற்றுங்கள். எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள்.

ஃபில்டரைப் பெட்ரோலில் அலசித் திரும்ப மாட்டலாமா? (ஏர்வாடி)

கூடாது. உள்ளே இருப்பது மடித்த காகிதம்.

மாற்றிவிட்டேன், ஆனால் உள்ளே பெட்ரோல் வாடை அடிக்கிறது. (தேவிபட்டினம்)

ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஃப்யூஸைப் போட்டு, சாவியை ஆன் மட்டும் செய்து இரண்டு நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள், இப்படி மூன்று தடவை. பம்ப் லைனை நிரப்பும். அப்புறம் கீழே குனிந்து இரண்டு முனையையும் காய்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை, அல்லது லாக் ‘டக்’ என்று விழவில்லை. ஃபில்டர் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். தலைகீழாக மாட்டினால் வாடை வராது, வண்டிதான் இழுக்காது.

கழற்றும்போது கொட்டிய பெட்ரோலை என்ன செய்வது? (பலர்)

தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். மணலிலும் கொட்டாதீர்கள், நம் பக்கத்தில் நல்ல தண்ணீர் நிற்பது மேல் மணலில்தான், கிணற்றுக்கு இறங்கிவிடும். மூடி இறுக்கமான பெட்ரோல் கேனில் பிடித்துப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், பாகம் கழுவ வாங்கிக்கொள்வார்கள். பெட்ரோல் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். வேலை முடிகிறவரை பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் அது மிதந்துகொண்டே பரவும். மணலுக்கு நமக்கு என்ன பஞ்சம்.