ரிப்போர்ட் கார்டுல எல்லாம் ஏ, ஹோப் கணக்குல நாலு பி

கேள்வி: அக்கா, நாங்க ஜார்ஜியால ஆல்ஃபரெட்டால இருக்கோம், பையன் 10-வது படிக்கிறான், அடுத்த வருஷத்துக்கு கோர்ஸ் செலக்ட் பண்ற ஃபார்ம் வந்திருக்கு. இதுவரைக்கும் ரிப்போர்ட் கார்டுல எல்லாமே ஏதான், அதனால காலேஜுக்கு ஜார்ஜியா ஸ்டேட் குடுக்கற ஹோப் ஸ்காலர்ஷிப் என்ன, அதுக்கு மேல் படியான ஜெல் மில்லர் ஸ்காலர்ஷிப்பே கண்டிப்பா கிடைச்சிடும்னு நான் நம்பிட்டு இருந்தேன். போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா "ரிகர் நாலு முடிச்சானா?"ன்னு கேட்டாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. இவன் என்னடான்னா ஸ்பானிஷ் ரெண்டு வருஷம் போதும், மூணாவது வேண்டாம், அதுக்கு பதிலா மார்க்கெட்டிங் எடுக்கறேன், கெமிஸ்ட்ரி டீச்சர் ரொம்ப ஸ்ட்ரிக்டாம் அதை 12-வதுல பாத்துக்கறேங்கறான். வீட்டுக்காரரோ "நம்ம ரெண்டு பேர் சம்பளத்துக்கு ஸ்காலர்ஷிப்லாம் எவன் தருவான்"ங்கறார். கிரீன் கார்டு வந்து மூணு வருஷம் ஆச்சு. தமிழ் ஸ்கூல்ல படிச்சது இதுக்கு சேருமா? பையனோட கிரேடு எல்லாம் கூட அனுப்பியிருக்கேன். பெயர் போட வேண்டாம்.

பதில்: முதல்ல உங்க வீட்டுக்காரருக்கு சொல்லிடறேன், ஏன்னா அவர் சொல்றத கேட்டு நிறைய பேர் அப்ளிகேஷனே போடாம விட்டுடறாங்க. ஹோப் ஸ்காலர்ஷிப் வருமானம் பாத்து குடுக்கறது இல்ல. 1993-ல கவர்னர் ஜெல் மில்லர் லாட்டரி பணத்துல இத ஆரம்பிச்சப்ப குடும்ப வருமானம் 66,000 டாலருக்குள்ள இருக்கணும்னு வெச்சிருந்தாங்க, அப்புறம் ஒரு லட்சமாக்கி 1995-ல அந்த வரம்பையே தூக்கிட்டாங்க, ஆச்சு முப்பது வருஷம். அவர் பெட்ரோல் போடப் போற இடத்துல எவனோ வாங்கற லாட்டரி சீட்டு காசுலதான் உங்க பையன் காலேஜ் போகப் போறான், நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு சம்பாதிச்சாலும்.

இப்ப விஷயத்துக்கு வரேன் மா. நீங்க அனுப்பின கிரேடு ஷீட்ட நான் ரெண்டு தடவை பாத்தேன். உங்க ஸ்கூல் ஆனர்ஸுக்கும் (சாதாவ விட கஷ்டமான கிளாஸ்) ஏ.பி.க்கும் (ஹைஸ்கூல்லயே எடுக்கற காலேஜ் லெவல் கிளாஸ்) 7 பாயிண்ட் ஏத்தி போடுதுன்னு கீழயே எழுதியிருக்கு, அத நீங்க கவனிக்கல. 9-வது லிட்டரேச்சர் ஆனர்ஸ்ல கார்டுல 96 இருக்கு, அவன் நிஜமா எடுத்தது 89. ஜியாமெட்ரி ஆனர்ஸ் 93, நிஜத்துல 86. பயாலஜி ஆனர்ஸ் 91, நிஜத்துல 84. ஏ.பி. ஹியூமன் ஜியாகிராபி 90, நிஜத்துல 83. நாலும் 90-க்கு கீழ, அதனால நாலும் பி. கார்டுல நாலும் ஏ. இதுல யாரும் யாரையும் ஏமாத்தல, ஸ்கூல் கணக்கு ஒண்ணு, ஹோப் கணக்கு இன்னொண்ணு, அவ்வளவுதான்.

ஹோப் கணக்க போடறது ஸ்கூல் இல்ல, ஜார்ஜியா ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் கமிஷன்னு ஒரு ஸ்டேட் ஆபீஸ். ஸ்கூல்ல இருந்து டிரான்ஸ்கிரிப்ட் அங்க போகும், அவங்க முதல் வேலையா ஸ்கூல் ஏத்தின பாயிண்ட்ட எல்லாம் உரிச்சு எடுத்துடுவாங்க. அப்புறம் இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ், சோஷியல் ஸ்டடீஸ், ஃபாரின் லாங்குவேஜ் இந்த அஞ்சு கோர் சப்ஜெக்ட்ட மட்டும் எடுத்து ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2ன்னு போடுவாங்க. ஆர்கெஸ்ட்ரால ஏ, பி.இ.ல ஏ, அதெல்லாம் சந்தோஷம், ஆனா கணக்குலயே வராது. ஒரு கோர்ஸ்ல ஃபெயிலாகி திரும்ப எடுத்து பாஸ் பண்ணா பழைய எஃப் அழியாது, ரெண்டுமே கணக்குல உக்காந்திருக்கும். ஆனர்ஸுக்கு எக்ஸ்ட்ரா எதுவும் கிடையாது. ஏ.பி., அது மாதிரியே உள்ள ஐ.பி., அப்புறம் ஹைஸ்கூல்ல இருக்கும்போதே எடுக்கற காலேஜ் லெவல் டூயல் என்ரோல்மென்ட் கோர் கோர்ஸுக்கு மட்டும் அரை பாயிண்ட் சேப்பாங்க, அதுவும் பி, சி, டி எடுத்தவனுக்குத்தான். ஏ எடுத்தா 4-க்கு மேல போகாது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு பாருங்க. 85 எடுக்கக்கூடிய பையன் ஆனர்ஸ்ல இருந்தா அவனுக்கு 3, அதே 85-ஐ ஏ.பி.ல எடுத்தா 3.5. ஆனா ஏ.பி. போய் சி-க்கு இறங்கிட்டா 2.5, சாதா கிளாஸ் பி-ய விட குறைச்சல். அதனால "எல்லாரும் ஆறு ஏ.பி. எடுக்கறாங்க"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல பாத்துட்டு ஃபார்ம்ல டிக் அடிக்கற வேலை வேண்டாம்.

உங்க பையனுக்கு 10-வது முடியும்போது இப்ப இருக்கற கிரேடு அப்படியே நின்னா பத்து கோர் கிரெடிட் (ஒரு வருஷ கோர்ஸுக்கு ஒரு கிரெடிட்) இருக்கும். ஆறு ஏ, அது 24. சாதா பி மூணு, 9. ஏ.பி. பி ஒண்ணு, 3.5. மொத்தம் 36.5, பத்தால வகுத்தா 3.65. ஹோப்புக்கு 3.0 போதும், அதுக்கு கவலையே இல்ல. ஜெல் மில்லருக்கு 3.7 வேணும், கூட காலேஜ் அட்மிஷனுக்கு எழுதற எஸ்.ஏ.டி. பரீட்சைல ஒரே சிட்டிங்ல 1200. இங்க சூப்பர் ஸ்கோர் எடுபடாது, மார்ச்ல எழுதின மேத்ஸையும் மே-ல எழுதின இங்கிலீஷையும் ஒட்ட வெச்சு காட்ட முடியாது. ரவுண்டும் பண்ண மாட்டாங்க, 3.69ன்னா 3.69தான்.

இது எனக்கு எப்படி தெரியும்னா என் பொண்ணு விஷயத்துல நான் பட்டேன். 2019 பேட்ச் அவ. சீனியர் இயர் அக்டோபர்ல ஒரு நாள் ராத்திரி, தோசை மாவு கரைச்சு வெச்சுட்டு வந்து சும்மா கமிஷனோட ஜி.ஏ.ஃபியூச்சர்ஸ் சைட்ல அவ அக்கவுன்ட்ட திறந்து பாத்தேன், 3.62ன்னு இருந்துச்சு. ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட்ல 3.9-க்கு மேல. தப்பா ஏத்திட்டாங்கன்னு நெனச்சு டிரான்ஸ்கிரிப்ட்ட டைனிங் டேபிள்ல விரிச்சு சிவப்பு பேனால ஒவ்வொண்ணா அடிச்சு அடிச்சு கூட்டினேன், 3.62தான் வந்துச்சு, திரும்பவும் கூட்டினேன், அதேதான். மறுநாள் கவுன்சிலர போய் பாத்தா அவங்க "நாங்க ஒன்பதாவதுலயே ஓரியன்டேஷன்ல சொன்னோமே"ன்னாங்க. சொல்லியிருப்பாங்க, நான்தான் அன்னிக்கு போகல. அப்பல்லாம் ஹோப் முழு டியூஷனும் குடுக்காது, 2011-ல குறைச்சதுல இருந்து ஒரு பங்குதான், மிச்சத்த நாலு வருஷமும் நாங்க கட்டினோம்.

உங்களுக்கு அந்த கஷ்டம் இல்ல. 2023 ஃபால்ல இருந்து ஸ்டேட் காலேஜ்ல ஹோப்பும் முழு டியூஷன் குடுக்குது, ஜெல் மில்லரும் முழு டியூஷன். யூ.ஜி.ஏ.வோ ஜார்ஜியா டெக்கோ ஜார்ஜியா ஸ்டேட்டோ எதுவா இருந்தாலும் சரி. அதனால 3.7 வரலன்னா உலகம் முடிஞ்சுதுன்னு வீட்ல யாரும் பையன போட்டு வறுக்காதீங்க. ஜார்ஜியாக்குள்ளயே பிரைவேட் காலேஜ் போனா ஜெல் மில்லர்ல கொஞ்சம் கூட கிடைக்கும், வெளி ஸ்டேட் போனா ரெண்டுமே கிடையாது. ஹாஸ்டல், சாப்பாடு, ஃபீஸ், புக்கு எல்லாம் எப்படியும் உங்க பாக்கெட்தான்.

இப்ப அந்த ரிகர். பக்கத்து வீட்டு அம்மா சரியாத்தான் கேட்டிருக்காங்க, அவங்களுக்கு ஒரு டப்பா முறுக்கு குடுங்க. ஜி.பி.ஏ., அதாவது மேல போட்ட அந்த சராசரி, மட்டும் இருந்தா பத்தாது, கஷ்டமான கோர்ஸ்னு கமிஷன் வெச்சிருக்கற ரிகர் லிஸ்ட்ல இருந்து நாலு முழு கிரெடிட் பாஸ் பண்ணியிருக்கணும். 2015 பேட்சுக்கு ரெண்டு, 2016-க்கு மூணு, 2017-ல இருந்து நாலு. இது ஹோப்புக்கும் உண்டு ஜெல் மில்லருக்கும் உண்டு, 3.9 வெச்சிருந்தாலும் ரிகர் மூணுன்னா ஒண்ணும் கிடையாது. அட்வான்ஸ்ட் அல்ஜீப்ராவும் அதுக்கு மேல உள்ள மேத்ஸும், கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், ஃபாரின் லாங்குவேஜ்ல ரெண்டாவது வருஷத்துல இருந்து, கோர் சப்ஜெக்ட்ல ஏ.பி., ஐ.பி., டூயல் என்ரோல்மென்ட், இதுதான் முக்கியமா அந்த லிஸ்ட்ல வரும். ஆனர்ஸ்ங்கற பேர் இருக்கறதால மட்டும் ஒரு கோர்ஸ் ரிகர் ஆகிடாது, ஆனர்ஸ் பயாலஜிய நம்பி ஏமாந்தவங்கள எனக்கு தெரியும். லிஸ்ட்ல கோர்ஸ் நம்பர் போட்டிருக்கும், டிரான்ஸ்கிரிப்ட்ல உள்ள நம்பரோட ஒத்து பாருங்க.

உங்க பையனுக்கு ஸ்பானிஷ் டூ ஒண்ணு, ஏ.பி. ஹியூமன் ஜியாகிராபி ஒண்ணு, ஆக ரெண்டு கையில. 11-வதுல அட்வான்ஸ்ட் அல்ஜீப்ரா எடுத்தா மூணு. அவன் சொல்றபடி கெமிஸ்ட்ரிய தள்ளி ஸ்பானிஷையும் விட்டா நாலாவது 12-வதுலதான் கன்ஃபார்ம் ஆகும். சீனியர் இயர் பசங்க எப்படி இருப்பாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, ஜனவரி வந்தா காலேஜ் லெட்டர் வந்திடும், கார் சாவி கையில இருக்கும், புக்கு எங்க இருக்குன்னே தெரியாது. ஒரு செமஸ்டர்ல கோட்டை விட்டா முழு கிரெடிட் வராது, அரைதான், மூணரை ரிகர்னு ஒண்ணு கிடையாது. அதனால கெமிஸ்ட்ரிய 11-லயே முடிக்க சொல்லுங்க, ஸ்பானிஷ் த்ரீயும் எடுத்தான்னா 11 முடியறப்பவே அஞ்சு, அப்புறம் 12-வதுல என்ன ஆனாலும் ரிகர் பக்கம் பயம் இல்ல.

ஸ்பானிஷ விடாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அதுதான் பெருசு. அவனுக்கு ஸ்பானிஷ்ல ரெண்டு வருஷமும் நிஜமான ஏ, ஏத்தி வந்த ஏ இல்ல. 11, 12 ரெண்டு வருஷத்துல இன்னும் ஒன்பது கோர் கிரெடிட் வரும்னு வெச்சுக்கங்க, மொத்தம் பத்தொன்பது. ஏழு ஏ, ரெண்டு பி எடுத்தா 36.5 கூட 34, மொத்தம் 70.5, பத்தொன்பதால வகுத்தா 3.71. பாஸ். இப்ப அந்த ஸ்பானிஷ் ஏ-வ எடுத்துட்டு மார்க்கெட்டிங் போடுங்க. மார்க்கெட்டிங்ல 100 வாங்கினாலும் கணக்குல வராது, கோர் எட்டாகும், ஆறு ஏ, அதே ரெண்டு பி, மொத்தம் 66.5, பதினெட்டால வகுத்தா 3.69. போச்சு. அதே பையன், அதே மூளை, அதே ரெண்டு பி, ஃபார்ம்ல ஒரு கட்டத்துல டிக் அடிச்சது மட்டும் வேற. ஸ்பானிஷ் இருந்தும் மூணு பி ஆயிடுச்சுன்னா அதுல ரெண்டாச்சும் ஏ.பி.யா இருந்தாத்தான் தப்பிப்பான், அதனால அவனுக்கு பிடிச்ச சப்ஜெக்ட்ல ஒண்ணோ ரெண்டோ ஏ.பி. எடுக்கறது நல்லதுதான், யூ.எஸ். ஹிஸ்டரி பிடிக்கும்னு எழுதியிருக்கீங்களே, அதுல பாருங்க. காலேஜ் அட்மிஷனுக்கு ரெண்டு வருஷ லாங்குவேஜ் போதும்னு அவன் சொல்றதும் பொய் இல்ல, ஆனா அது அட்மிஷன் கணக்கு, காசு கணக்கு வேற.

தமிழ் ஸ்கூல் பத்தி கேட்டீங்க. ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட்ல ஏறாத எதுவும் கமிஷன் கண்ணுக்கு தெரியாது. நம்ம தமிழ் ஸ்கூல் சர்டிஃபிகேட்ட தனியா அனுப்பி பிரயோஜனம் இல்ல. உங்க ஹைஸ்கூல் அத கிரெடிட்டா ஏத்துக்கிட்டு கோர்ஸ் நம்பரோட டிரான்ஸ்கிரிப்ட்ல போட்டா அப்ப கதை வேற. இத கவுன்சிலர் கிட்ட ஈமெயில்ல கேளுங்க, வாய்ல கேட்டா மறந்துடுவாங்க, நமக்கும் அப்புறம் காட்ட எதுவும் இருக்காது.

கிரீன் கார்டு மூணு வருஷம்னா உங்களுக்கு சிக்கல் இல்ல. பொதுவா சிட்டிசனோ கிரீன் கார்டோ இருக்கணும், ஜார்ஜியால ஹைஸ்கூல் முடிக்கறவங்க காலேஜ் முதல் நாளுக்கு முன்னாடி 12 மாசம் ஜார்ஜியா ரெசிடெண்டா இருந்திருக்கணும். இத படிக்கற ஹெச்-4 (ஹெச்-1 விசாக்காரங்க குடும்பத்துக்கு குடுக்கற விசா) பசங்களோட அப்பா அம்மாக்கும் ஒரு வார்த்தை, மனசு கஷ்டமாத்தான் இருக்கு சொல்ல, கே.ஜி.ல இருந்து இங்கயே படிச்சிருந்தாலும் ஹெச்-4-ல இருக்கற வரைக்கும் ஹோப் கிடையாது. 3.9 எடுத்துட்டு கடைசில தெரிஞ்சு அழுத பிள்ளைகள பாத்திருக்கேன், அதனால இப்பவே தெரிஞ்சுக்கங்க. இன்-ஸ்டேட் டியூஷன், அதாவது ஸ்டேட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு உள்ள குறைஞ்ச டியூஷன், வேற விஷயம், அத சேரப்போற காலேஜ்ல தனியா கேளுங்க.

அப்ளிகேஷன் ரெண்டு விதம், ஃபெடரல் கவர்ன்மென்ட்டோட படிப்பு உதவி ஃபார்மான ஃபாஃப்சா போடலாம், இல்ல ஜி.ஏ.ஃபியூச்சர்ஸ்ல ஸ்டேட்டோட சொந்த அப்ளிகேஷன் இருக்கு. ஃபாஃப்சா வருஷா வருஷம் போடணும். காலேஜ் போனப்புறம் ஹோப்புக்கு 3.0-ம் ஜெல் மில்லருக்கு 3.3-ம் வெச்சுக்கணும், 30, 60, 90 மணி நேர கிரெடிட் முடியற இடத்துல எல்லாம் பாப்பாங்க. 3.3-க்கு கீழ போயும் 3.0 இருந்தா ஹோப்புக்கு இறங்கிடலாம்.

பையன உக்கார வெச்சு நீங்க சொல்லாதீங்க, ஜி.ஏ.ஃபியூச்சர்ஸ் அக்கவுன்ட்ட அவனையே திறக்க சொல்லுங்க, அந்த நாலு பி-ய அவன் கண்ணால பாக்கட்டும், 3.71-க்கும் 3.69-க்கும் அவன் கையாலயே கணக்கு போடட்டும். ஃபார்ம் எப்ப திருப்பி குடுக்கணும்னு நீங்க எழுதல, தேதி தாண்டியிருந்தாலும் கவுன்சிலர கேட்டா ஸ்கூல் திறக்கற முதல் சில நாள் வரைக்கும் பொதுவா மாத்தி குடுப்பாங்க. கெமிஸ்ட்ரி டீச்சர் நிஜமாவே ஸ்ட்ரிக்டா இல்ல அவனோட ஃப்ரெண்டு வேற கிளாஸ்ல இருக்கானான்னு மட்டும் விசாரிச்சு பாருங்க, என் பையன் விஷயத்துல அது ரெண்டாவதா இருந்துச்சு.